நான் வெட்டிய கடைசி வரி

என் அன்பான மகேஸுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இத்தனை நாளில் உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் மன்னிப்புக் கேட்பதிலேயே தாள் தீர்ந்துவிடும் என்று பயம். நீ எப்போதோ மன்னித்துவிட்டாய். அதை வாங்கிக்கொண்டு சும்மா இருக்க எனக்குத்தான் தெரியவில்லை.

இன்று எழுத ஒரு காரணம் இருக்கிறது. நம் வாசகர் வட்டத்தின் கவிதைத் தொகுப்பு இரண்டாம் முறை அச்சாகி வந்துவிட்டது. உன் கவிதை இந்தத் தடவை நீ எழுதியபடியே இருக்கிறது. கடைசி வரியோடு.

இந்தக் கடிதம் வட்டத்தின் இதழில் வரப்போகிறது, மகேஸ். உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காகச் சிலவற்றை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதா அண்ணி" என்று நீ சிரித்துக்கொள்.

நீ என் கணவர் குணாவின் ஒரே தங்கை. கூலாயில் வீடு, செனாய் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை. பூதக்கண்ணாடி வைத்துச் சின்னச் சின்னப் பாகங்களில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, இருபத்தாறு வருடம். ஞாயிற்றுக்கிழமையானால் மோட்டாரை எடுத்துக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவுக்கு, எங்கள் வீட்டுக்கு வருவாய். ஹெல்மெட்டைக் கழற்றும்போதே "அண்ணி, பசியாறிட்டீங்களா?" என்பாய். நான் வீட்டில் தமிழ் இலக்கிய டியூஷன் நடத்துகிறவள். ஐந்தாம் படிவப் பிள்ளைகளின் தேர்வுத்தாள்களை நான் திருத்த, நீ எதிரே உட்கார்ந்து பாடநூல் கவிதைகளைப் படித்துக்கொண்டிருப்பாய். ஆறாம் ஆண்டோடு பள்ளி நின்றுபோனவள் நீ என்று எனக்குத் தெரியும். ஏன் நின்றது என்று நான் கேட்டதே இல்லை. உன் அண்ணனும் சொன்னதில்லை.

எல்லாம் என் உரையில்தான் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? ஜொகூர் பாருவில், ஒரு கோயில் மண்டபத்தின் மாடியில், வட்டத்தின் மாதக் கூட்டம். குழந்தைத் தொழிலாளர்களைப் பற்றிக் கவிஞர்கள் எப்படி எழுதுகிறார்கள், படிக்கிறவர் மனத்தை எந்த உத்தியால் இளக்குகிறார்கள் என்பது என் தலைப்பு. ஒரு மாதம் தயார் செய்தேன். உவமைக்கு ஒரு படம், உருவகத்துக்கு ஒரு படம் என்று திரையில் போட்டுக் காட்டினேன். மலராத மொட்டு, உருகும் மெழுகுவர்த்தி, சிறகு ஒடிந்த குருவி. அடுத்தது முரண்: சட்டை தைக்கிற கைகள், அந்த உடம்பின் மேல் கந்தல். பிறகு தற்குறிப்பேற்றம்: மழை தானாகத்தான் பெய்கிறது, அந்தப் பிள்ளைக்காக வானம் அழுவதாகக் கவிஞர் சொல்லுவார். பதில் வேண்டாத கேள்விகள். திரும்பத் திரும்ப வரும் ஒரே அடி, வேலை ஓயாததைக் காதால் உணர வைக்க.

உரை முடிந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

கீழே தேநீர் குடிக்க வந்தபோது நீ கறிபாப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்காமல் நின்றாய்.

"நல்லா பேசினீங்க அண்ணி. ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"அந்தக் கவிதைங்கள்ல புள்ளைங்க ஏன் வாயையே திறக்க மாட்டேங்குதுங்க? ஒண்ணு மொட்டா இருக்குது, இல்லாட்டி மெழுகுவத்தியா இருக்குது. கவிஞருதான் பக்கத்துல நின்னு அழுவுறாரு."

"அதுதான் உத்தி மகேஸ். படிக்கிறவனுக்கு இரக்கம் வரணும்ல?"

"இரக்கம் வருது லா. யார் மேலன்னுதான் தெரியல."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. தொழிற்சாலையில் பத்து மணி நேரம் நிற்கிறவளுக்கு இலக்கியம் என்ன தெரியும் என்று அந்த ஒரு நொடி நினைத்தேன். இதை நீ உயிரோடு இருக்கும்போது உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

திரும்பும்போது காரில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். உன் அண்ணன் அன்று வரவில்லை. பாலம் தாண்டினோம். பிறகு கார்க் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாய்.

"நான் ஒம்போது வயசுலேருந்து பழம் பொறுக்குனேன் அண்ணி. பண்டார் தெங்காராவுக்கு உள்ள, தோட்டத்துல."

நீயே சொல்லிக்கொண்டு வந்தாய். அப்பா நெஞ்சில் நோய் வந்து படுத்துவிட்டார். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை வெட்டிப் போட்டதும் அதிலிருந்து தெறித்து விழும் உதிரிப் பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் நிரப்ப வேண்டும். அம்மா ஒருத்தியால் ஒரு நாள் வேலையை முடிக்க முடியவில்லை. முதலில் பள்ளி விட்டு வந்த பிறகு போனாய். பிறகு வாரத்தில் இரண்டு நாள் பள்ளியை விட்டுவிட்டு. ஐந்தாம் ஆண்டில் மாதக்கணக்காகப் பள்ளிக்கே போகவில்லை. ஆறாம் ஆண்டுத் தேர்வை எழுதியதோடு சரி.

"ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும்," என்றேன்.

"இருந்துச்சி. எப்பவும் இல்ல. டிராக்டர்ல சாக்கு மேல ஏறி உக்காந்து வருவோம் பாருங்க, மேல கீழன்னு தூக்கிப் போடும். அவ்ளோ சிரிப்பு. வேலை வாங்குற மண்டோர் ஒரு நாளு அம்மாகிட்ட, 'உன் மவ கெட்டிக்காரி, பெரியாளு கணக்கா பொறுக்குது'ன்னு சொன்னாரு. அன்னிக்கு பூரா நான் தரையில நடக்கல."

நான் காட்டிய அத்தனை படத்திலும் சிரிக்கிற பிள்ளை ஒன்றுகூட இல்லை. தன் வேலையைப் பற்றிப் பெருமைப்படுகிற பிள்ளையும் இல்லை. அந்தப் பெருமைதான் கேட்க எனக்கு அதிகமாக வலித்தது. ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கிடைத்த பாராட்டு, பெரியவர்களின் வேலையைச் செய்ததற்கு.

"இதை எழுது மகேஸ்," என்றேன்.

"நானா? அலமாக், எனக்கு எழுத வருமா?"

இரண்டு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலைப் படிவம் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தாய். 'உதிரி' என்று தலைப்பு. அதை இங்கே முழுதாக எழுதுகிறேன். படிக்கிறவர்கள் நீ எழுதியதை எழுதியபடியே பார்க்கட்டும்.

சாக்கு என்னைவிட உயரம்.
அம்மா அதன் வாயை மடித்துக் கொடுத்தாள்
பாவாடைக்கு விளிம்பு மடிப்பதுபோல.

முதல் பழம் விழுந்தால் டொக் என்று கேட்கும்.
பாதி நிறைந்தால் சத்தம் குறையும்.
நிறைந்த சாக்கு சத்தமே போடாது.

முள் குத்திய விரலை வாயில் வைத்தேன்.
எண்ணெய் ருசித்தது.

மண்சாலையில் பள்ளிப் பேருந்து வந்தது.
நான் குனிந்தேன்.
அங்கே பழம் எதுவும் இல்லை.

படித்துவிட்டு நான் என்ன சொன்னேன்? "நல்லாருக்கு. கொஞ்சம் செதுக்கணும்" என்றேன். நீ தலையை ஆட்டினாய். "நீங்க பாத்துக்குங்க அண்ணி, எழுத்துப்பிழை நெறைய இருக்கும்" என்றாய். எழுத்துப்பிழையைத்தான் பார்க்கச் சொன்னாய். தொகுப்புக்கு நான்தான் பதிப்பாசிரியர். எழுத்துப்பிழையோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

எனக்கு உன் கவிதை வறண்டு கிடப்பதாகத் தோன்றியது. இவ்வளவு பெரிய துயரத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லையே, வாசகன் எங்கே உருகுவான் என்று நினைத்தேன். கடைசி வரி சுத்தமாகப் புரியவில்லை. பழம் இல்லாத இடத்தில் இந்தப் பிள்ளை ஏன் குனிய வேண்டும்? ஏதோ தவறி வந்த வரி என்று முடிவு செய்தேன். உனக்குத் தொலைபேசி அடித்துக் கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும். கேட்கவில்லை. சிவப்புப் பேனாவால் அதை வெட்டினேன். முந்தைய வரிகளை இப்படி மாற்றினேன்:

மண்சாலையில் பள்ளிப் பேருந்து வந்தது.
கசக்கி எறிந்த மொட்டாய் நான் குனிந்தேன்.
என் கண்ணீரில் நனைந்தது காடு.

அப்போது அது எனக்கு அழகாகத் தெரிந்தது, மகேஸ். எழுதிவிட்டு நானே இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தேன்.

வெளியீட்டு நாளில் ஒவ்வொருவரும் மேடையேறி அவரவர் கவிதையை வாசித்தார்கள். நீ நீலப் புடவை கட்டியிருந்தாய். புத்தகத்தை அப்போதுதான் முதன்முதலாகத் திறந்தாய். "எண்ணெய் ருசித்தது" வரைக்கும் உன் குரல் நன்றாகவே இருந்தது. "பள்ளிப் பேருந்து வந்தது" என்றாய். அடுத்த வரியில் உன் கண் நின்றது. தாளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். பிறகு புத்தகத்தை மூடி, "அவ்வளவுதான்" என்று சொல்லி இறங்கிவிட்டாய். தழுதழுத்துவிட்டாய் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு நீ வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நாலு மாதம். போன் செய்தால் "ஓவர்டைம் அண்ணி" என்பாய், வைத்துவிடுவாய். தீபாவளிக்கு அண்ணனுக்கு மட்டும் வாழ்த்து வந்தது.

"நீ அவளை என்ன சொன்ன?" என்று குணா கேட்டார்.

"ஒண்ணும் சொல்லலீங்க."

உண்மைதான். நான் உன்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை.

ஒரு சனிக்கிழமை காலை நானே கூலாய்க்கு வந்தேன். நீ வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். வாங்க என்றாய். நாற்காலி போட்டாய். பால் விடாமல் தே ஓ கலக்கிக் கொடுத்தாய். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது.

"கோவமா மகேஸ்?"

"கோவமில்ல அண்ணி."

"பின்ன?"

நீ கொஞ்ச நேரம் துணிக்கிளிப்பை விரலில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாய்.

"நான் அழுவல அண்ணி. அன்னிக்கு நான் அழுவவே இல்ல. நீங்க என்னைய அழுவ வச்சிட்டீங்க. அத்தனை பேர் முன்னாடி."

"கவிதைக்காகத்தான்..."

"அந்தக் கடைசி வரி ஏன் எடுத்தீங்க?"

"எனக்கு அது புரியல மகேஸ். பழமே இல்லாத எடத்துல ஏன் குனியணும்?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அந்தப் பார்வையில் கோபமில்லை. ஆச்சரியம்தான்.

"பஸ்ஸுல என் கூட்டாளிங்க இருந்தாங்க அண்ணி. வெள்ளச் சட்ட, நீலப் பாவாட. நான் அழுக்கு சாக்கோட நிக்கிறேன். மொகத்த எங்க கொண்டுபோயி வைக்க? பழம் பொறுக்குற மாதிரி குனிஞ்சிக்கிட்டேன். பஸ்ஸு போற வரைக்கும்."

குறிப்புப் பொருள் என்றால் என்ன என்று பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன். கவிஞர் சொல்லாமல் விடுவதில்தான் பொருள் இருக்கும், அதைத் தேடுங்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஒரு கவிதையில் அது என் கண்ணெதிரே வந்து நின்றது. அதைத்தான் வெட்டி எறிந்தேன். இரக்கம் ஊட்டுகிறேன் என்று உன் வெட்கத்தை அழித்துவிட்டேன். முகத்தை மறைத்துக்கொள்ள அந்தப் பிள்ளை கண்டுபிடித்த ஒரே வழி அது.

"அடுத்த பதிப்புல மாத்திடறேன். சத்தியமா," என்றேன்.

"சரி லா. விடுங்க. சோறு சாப்புட்டு போறீங்களா? நெத்திலி சம்பல் வச்சிருக்கேன்."

சாப்பிட்டேன். அடுத்த ஞாயிறு நீ மோட்டாரில் வந்தாய். அவ்வளவுதான் உன் மன்னிப்பு.

ஆனால் முந்நூறு பிரதிதான் அடித்திருந்தோம். இரண்டாம் பதிப்புக்கு வட்டத்தில் யாரும் அவசரப்படவில்லை. நானும் போதுமான அளவு அவசரப்படவில்லை. நாளை பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன்.

பிறகு உன் சிறுநீரகம் பழுதானது. வாரத்துக்கு மூன்று காலை, டயாலிசிஸுக்கு நான்தான் உன்னைக் கூட்டிப் போனேன். நாலு மணி நேரம் அந்த இயந்திரத்தின் பக்கத்தில். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நாம் இரண்டு பேரும் அதிகமாகச் சிரித்தது அங்கேதான். நான் புதுக் கவிதைகளை வாசிப்பேன். நீ கண்ணை மூடிக்கொண்டு கேட்பாய்.

"உவமையே வேணாங்கிறியா மகேஸ்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"யாரு சொன்னா? நானே போட்டிருக்கேன்ல, பாவாட விளிம்புன்னு. அது எனக்குத் தெரிஞ்ச பொருளு. அம்மா எனக்கு மடிச்சி தைப்பாங்க, வளர வளரப் பிரிச்சி வுடறதுக்கு. மெழுகுவத்தி எங்க வீட்டுல கரண்டு போனாத்தான் எடுப்போம். அந்தப் புள்ள எதைப் பாத்து வளந்துச்சோ அதை எழுதுனா சரி அண்ணி."

"அப்போ மொட்டு?"

"செம்பனைக்கு ஏது லா மொட்டு? எல்லாம் முள்ளு."

பக்கத்துப் படுக்கைச் சீனப் பாட்டி நாம் ஏன் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்.

இன்னொரு நாள் நீ சொன்னது என் வகுப்பையே மாற்றியது. "அண்ணி, பாவப்படறவங்க கொஞ்ச நேரத்துல வீட்டுக்குப் போயிடுவாங்க. அந்தப் புள்ள கூட நின்னு அந்தச் சாக்குச் சத்தத்தக் கேட்டவங்க போவ மாட்டாங்க." உன் கவிதையில் அந்த டொக் சத்தத்தை ஏன் வைத்தாய் என்று அன்று புரிந்தது. அந்த ஒலியை நீ அழகுக்காகச் சேர்க்கவில்லை. படிக்கிறவரும் கொஞ்ச நேரம் உன்னோடு நின்று சாக்கு நிறைவதைக் கேட்க வேண்டும் என்று வைத்தாய்.

கடைசியில் உன்னைக் கொண்டுபோனது காய்ச்சல்தான். மூன்று நாள். நீ சிரமப்படவில்லை என்றார்கள். உன் அண்ணன் உன் கால்மாட்டில் நின்றார். வாய் திறக்கவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்தும் பேசவில்லை. அவர் குணம் அது என்று விட்டுவிட்டேன்.

இனி சொல்லப்போவது உனக்கும் தெரியாது என்று நினைக்கிறேன். தெரியுமா?

போன மாதம் அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. உன் பென்சில் தாளை எடுத்து வைத்துச் சரிபார்க்க உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஒரு புள்ளிகூட மாறக் கூடாது என்று பயம். அதனால் உன் அண்ணனைக் கூப்பிட்டேன். "நீங்க அவ கையெழுத்தப் பார்த்து வாசிங்க. நான் அச்சுல பாக்கறேன்," என்றேன்.

"கவிதைலாம் எனக்கு என்னத்துக்கு," என்றார். முதல் பதிப்பை அவர் புரட்டியதே இல்லை. ஆனாலும் மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

கடைசிக்கு முந்தைய வரிவரை வாசித்தார். பிறகு நிறுத்தினார். எழுத்து மங்கியிருக்கிறதோ என்று எட்டிப் பார்த்தேன். தெளிவாகத்தான் இருந்தது.

"சாந்தி, அந்த பஸ்ஸுல நான் இருந்தேன்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

"நம்ம பக்கத்துப் புள்ளைங்கள எல்லாம் ஒரே பஸ்ஸுதான் ஏத்திட்டுப் போவும். தமிழ்ப்பள்ளியும் அதே பஸ்ஸு, நான் போன எடைநிலைப்பள்ளியும் அதே பஸ்ஸு. நான் சன்னல் பக்கம். அவ குனிஞ்சத பாத்தேன்." கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வரிசைய முந்தின நாளே அம்மாவும் அவளும் பொறுக்கி முடிச்சிட்டாங்க. சாயங்காலம் நான்தான் சாக்க சைக்கிள்ல வச்சித் தள்ளுனேன். அங்க ஒரு பழம் கெடையாதுன்னு எனக்குத் தெரியும்."

"உங்களுக்குப் புரிஞ்சிருச்சா, அப்பவே?"

"பதினாலு வயசு. புரியாம என்ன? பக்கத்துல இருந்தவன் கேட்டான், 'டேய், அது உன் தங்கச்சிதானே'ன்னு." அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லன்னு சொன்னேன்."

முப்பது வருடம் அவரோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். கப்பல் பட்டறையில் விரல் நசுங்கி வந்த அன்றுகூட அவர் அழுது பார்த்ததில்லை. அன்று காலை, சாப்பாட்டு மேசையில், மெய்ப்புத் தாளை நனைத்துவிடக் கூடாது என்று தள்ளி வைத்துவிட்டு அழுதார்.

"நான் படிக்கணும்னுதான் அவ பள்ளிக்கூடத்த விட்டா. அவளைத்தான் இல்லன்னு சொன்னேன்."

நான் அவரைத் தேற்றவில்லை. எதையாவது சொல்லி அந்தச் சொல்லை மூடிவிடக் கூடாது என்று தோன்றியது. உன்னிடம் கற்றதோ என்னவோ. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவே.

நீ எனக்கு விளக்கிய அன்று கூட்டாளிகளைப் பற்றித்தான் சொன்னாய். அண்ணனைப் பற்றிச் சொல்லவில்லை. அவர் அந்தப் பேருந்தில் இருந்தது உனக்கு மறந்துபோயிற்றா? இல்லை, உன் முகத்தை மறைத்தது அவருக்காகவா? அண்ணனுக்கு வெட்கமாக இருக்கக் கூடாது என்று குனிந்தாயா? இதைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்றே, மகேஸ்.

இரண்டாம் பதிப்பின் வெளியீட்டை ஜொகூர் பாருவில் வைக்க வேண்டாம், கூலாயில் வைக்கலாம் என்று உன் அண்ணன்தான் சொன்னார். உன் கவிதையைத் தானே வாசிப்பதாகவும் சொன்னார். கல்யாண வீட்டில்கூட ஒலிவாங்கியைத் தொடாத மனிதர்! ஒரு வாரம் முழுக்க, காலையில் குளித்துவிட்டு வந்து, அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று வாசித்துப் பழகினார்.

போன ஞாயிறு நடந்தது. நாற்பது பேர் இருப்பார்கள். உன்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் ஒரு வரிசை முழுக்க வந்திருந்தார்கள். குணா வாசித்தார். குரல் நடுங்கவில்லை. "அங்கே பழம் எதுவும் இல்லை" என்று முடித்தார். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் அந்த வரியை மனத்துக்குள் திருப்பிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

அவர் இறங்கவில்லை.

"இதுல பழம் பொறுக்குறது என் தங்கச்சி. பஸ்ஸுல போனது நான். அன்னிக்கு அவள எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். அதை எங்கயாவது சொல்லணும்னு இருந்துச்சி," என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

என் பழைய உரையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களே, அந்த இரண்டு பேரும் வந்திருந்தார்கள். இந்தத் தடவை அவர்கள் அழவில்லை. ஒருவர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, தானும் சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் மரத்துக் கோப்பைப் பால் எடுத்ததாகவும், தன் பிள்ளைகளுக்கே அது தெரியாது என்றும் சொன்னார். "எழுதுங்களேன்," என்றேன். "எனக்கு எழுத வருமா?" என்றார். யார் குரல் கேட்டது தெரியுமா எனக்கு?

மற்றொரு சேதி. என் வகுப்பில் இப்போது நிஷா என்று ஒரு பெண் இருக்கிறாள், நான்காம் படிவம். வகுப்பில் தூங்கி விழுவாள். கேட்டால் சிரிப்பாள். உன் கவிதையைப் பாடமாக நடத்திய அன்று மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் வந்தாள்.

"டீச்சர், இது மாதிரி சும்மா நடந்தத எழுதுனாலும் கவிதையா?"

"ஆமா. நீ எழுதப்போறியா?"

"நான் ஸ்கூலுக்குப் போறதுக்கு முந்தி அம்மாகூட நாசி லெமாக் சோறு கட்டுறேன் டீச்சர். நூறு பொட்டலம். அது கஷ்டம்லாம் இல்ல. ஆனா யாரும் அத பத்தி கேட்டதில்ல."

அவள் அம்மாவைப் பார்த்துப் பேசினேன். கணவர் இல்லாத பெண், நல்லவள். பிள்ளையைத் தூங்க விட வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான், கை போதவில்லை. இப்போது தன் அடுக்குமாடியிலேயே இருக்கும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து கட்டுகிறாள். நிஷா வாரக் கடைசியில் மட்டும் உதவுகிறாள். இதை நான் பெரிய சாதனையாகச் சொல்லவில்லை. பரீட்சை வரும்போது என்ன ஆகும் என்று தெரியாது. ஆனால் அவள் வகுப்பில் விழித்திருக்கிறாள்.

போன சனிக்கிழமை அவள் கவிதையைக் கொடுத்தாள். ஒன்பது வரி. வாழை இலையின் ஈரம் இருக்கிறது, நெத்திலியின் கண் இருக்கிறது. நடுவில் இப்படி ஒரு இடம் வருகிறது: "ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றுவேன். மூன்றாவது சுற்று எனக்கு."

எனக்கு அது புரியவில்லை, மகேஸ். அந்தத் தாள் இப்போது என் எதிரேதான் இருக்கிறது. சிவப்புப் பேனாவின் மூடியைத் திறக்கவில்லை. அவள் வரட்டும். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்பேன். சொன்னால் கேட்டுக்கொள்வேன். சொல்ல விருப்பமில்லை என்றால் அந்த வரி எனக்குப் புரியாமலே இருக்கட்டும். அது அவளுடையது.

இந்த ஒரு வாக்கைத்தான் உனக்குத் தர முடியும். என்னிடம் வரும் எந்தப் பிள்ளையின் கண்ணிலும், அது சிந்தாத கண்ணீரை இனி நான் வைக்க மாட்டேன். கேட்காமல் ஒரு வரியும் வெட்ட மாட்டேன்.

உன் அண்ணன் பசியாறக் கூப்பிடுகிறார். போய்விட்டு வருகிறேன்.

என்றும் உன்னைத் தங்கையாகவே கொண்ட
உன் அண்ணி,
சாந்தி
பெர்மாஸ் ஜெயா